பனியன் துணியில் வடிகட்டிய ஆறு

என் பிரியமுள்ள பழனிசாமி மச்சானுக்கு,

நீங்கள் கண்மூடி இரண்டாவது தை வந்துவிட்டது. ஒரு செய்தி சொல்ல வேண்டும், சிரிக்கக் கூடாது.

சாயத்தண்ணீரால் கெட்டுத் தரிசாகக் கிடந்த ஆற்றோரத் தோட்டத்தை கிடங்கு கட்டக் கேட்டார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். உங்கள் தங்கைதான், ஒரு போகம் பார்த்துவிட்டு விற்கலாம் என்று மறித்தாள். சரி, ஆற்றுத் தண்ணீரை வடிகட்டிப் பாய்ச்சுவோம் என்று இறங்கினேன்.

மூன்று தொட்டிகள். அவற்றில் ஜல்லி, மணல், கரி, கடைசித் தொட்டியில் கல்வாழைச் செடி. மேலே குப்பை தங்குவதற்கு, காதர்பேட்டைக் கடையில் பனியன் வேஸ்ட் துணி ஒரு மூட்டை வாங்கி விரித்தேன். அக்கம்பக்கத் தோட்டத்துக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு மோட்டாரைப் போட்டேன். சாம்பல் நிறத்தில் உள்ளே போன தண்ணீர் நல்ல ரோஸ் நிறத்தில் வெளியே வந்தது.

எவனோ ஆற்றில் சாயத்தைத் திறந்துவிட்டான் என்று கால் மணி நேரம் திட்டித் தீர்த்தேன். உங்கள் தங்கை துணியின் ஒரு மூலையைப் பிழிந்து காட்டினாள்.

"ஏனுங்க, செவப்புத் துணியப் போட்டுப்போட்டு ஆத்த வையறீங்களா? எங்கண்ணன் இருந்திருந்தா வெள்ளத் துணி போடச் சொல்லியிருக்குமுங்க."

முப்பது வருஷம் சாயப்பட்டறை மாஸ்டராக இருந்தவர் நீங்கள். இருந்திருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா? என் கிணறு கெட்டதே உங்களால்தான் என்று கல்யாணப் பந்தியில் வைத்துப் பேசியவன் நான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனீர்கள். சம்பளத்துக்கு வேலை பார்த்த மனிதர் என்ன செய்வார் என்று அன்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

வெள்ளைத் துணி போட்டதும் தண்ணீர் தெளிந்துவிட்டது. குடித்தே காட்டுகிறேன் என்று டம்ளரைத் தூக்கினேன். உங்கள் மகன் கார்த்தி உப்பு பார்க்கும் கருவியை அதில் விட்டுப் பார்த்து, டம்ளரைப் பிடுங்கிக்கொண்டான்.

"நெறந்தானுங்க மாமா போயிருக்குது. உப்பு அப்படியே இருக்குதுங்க."

தண்ணீரையும் மண்ணையும் பரிசோதித்தவர்களும் அதையே சொன்னார்கள்: வாயில் வைக்கிற பயிர் வேண்டாம், உப்பைத் தாங்கும் பருத்தி போடுங்கள். தக்காளிக்குக் கனவு கண்டவன் பருத்தி விதைத்தேன். இப்போது காய் வெடித்து வெள்ளையாக நிற்கிறது. கிடங்குக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

உங்களிடம் நேரில் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை இப்படிக் காகிதத்தில் கேட்கிறேன். அடுத்த மழைக்குள் பண்ணைக்குட்டை வெட்டி, மழைத்தண்ணீரைக் கலந்து உப்பைக் குறைப்பேன். கார்த்தி ஞாயிறுதோறும் வந்து யோசனை சொல்கிறான். அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டேன். கஷ்டம்தான், ஆனாலும் சத்தியம்.

உங்கள் தங்கையைக் கட்டிய, வாய் கொஞ்சம் அடங்கிய மாப்பிள்ளை,
நாச்சிமுத்து