சிம்சோனின் தலைமுடி

மார்ச் 4
அக்கா இன்றும் தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். "என்ன, சினிமாவுல சேரப்போறியா?" என்றேன். சிரிக்கவில்லை. பெரிய மனுஷி.

மார்ச் 9
நாங்கள் பழுதுபார்க்கிற சிம்சோன் சித்திரத் திரை முடியப்போகிறது. முந்நூறு வருஷத்துக் கைநெசவு. பலமெல்லாம் முடியிலேயே இருந்த அந்த பைபிள் வீரன் காதலி தெலீலாள் மடியில் தூங்குகிறான்; கத்தரிக்கோலோடு ஒருவன் குனிகிறான். முடி இருந்த இடம் மட்டும் பொட்டலாகிக் கிடந்தது. கரும்பழுப்பு நூல்தான் எப்போதும் முதலில் பொடியும். சாயத்தில் இருக்கும் இரும்பு அரித்துவிடும். அந்த இடத்தை அக்கா வேறு யாரையும் தொடவே விடவில்லை. நான் தெலீலாளின் பாவாடையோடு மாரடிக்கிறேன்.

மார்ச் 13
எழுத்து கோணலாகப் போகிறது.

சிம்சோன் முடியில் ஒரு பளபளப்பு. கம்பளி இப்படி மின்னாதே? திரையைத் திருப்பி லென்ஸை வைத்தேன். நூல் இல்லை. தலைமுடி. நுனி செம்பட்டை. சின்ன வயதிலிருந்து நான் பின்னிவிட்ட முடி எனக்குத் தெரியாதா?

நேரே போய் அவள் தலைத்துணியை இழுத்தேன். ஒன்றுமே இல்லை — வெறும் தலை.

"மருந்துல கொட்டிடுச்சு. குப்பையில போட மனசு வரல," என்றாள். மார்பில் கட்டியாம். ஒரு தடவை மருந்து ஏற்றியதோடு நிறுத்திவிட்டாளாம். திரையை முடித்துவிட்டுப் போவாளாம்.

அடிப்பாவி, என்கிட்டகூடவா சொல்லல? நான் வேற சினிமா, சினிமான்னு — என் வாயைத் தைக்கணும்.

மார்ச் 14
கத்தரிக்கோலைச் சிம்சோன் தலைமேல் வைத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. இல்லன்னா பிரிச்சிடுவேன்."

"உன்னால முடியாதுடி."

முதல் வரிசையைப் பிரித்தேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எழுந்து தன் பையை எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 20
மீதியையும் பிரித்துவிட்டேன். பழைய நெசவில் மனித முடியை விட்டுவைக்கக் கூடாது என்பது வேறு விஷயம். கம்பளி நூலில் நெய்கிறேன். அவள் கைநேர்த்தி என் கைக்கு வராது.

ஜூன் 2
டாக்டர் ஏதோ சொன்னார். பாதி காதில் ஏறவில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

டிசம்பர் 11
அடுத்த திரை வந்திருக்கிறது. சிறையில் மாவரைக்கிற சிம்சோன். முடி மறுபடி முளைத்த தலை. அங்கேதான் பொடிந்திருக்கிறது, வேறெங்கே?

அக்கா தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். துணி இல்லை. தலையெங்கும் குட்டை முடி. தடவிப் பார்த்தேன், கையைத் தட்டிவிட்டாள்.

"அந்தக் கம்பளி நூலை எடு," என்றாள். "என்னுது இனிமே எவனுக்கும் கிடையாது."