சருவத்துத் தண்ணீர்

பூதப்பாண்டி
கொல்லம் 1109, மாசி 8

அன்புள்ள தங்கை பகவதிக்கு அக்கா தாணம்மாள் எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் மாமியாரும் சுகமாக இருக்க சுசீந்திரத்து சாமியைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறேன்.

உனக்கு ஐந்து மாதம் என்று செய்தி வந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் இல்லை. அம்மா இல்லாத குறை தெரியாமல் தலைப்பிரசவத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். சித்திரையில் வந்துவிடு. ஏதாவது சிக்கல் என்றால் நெய்யூர் ஆசுபத்திரிக்கு வண்டி கட்டிவிடலாம்.

இன்னொரு சங்கதி. நம் தெற்கு வயலைப் பாட்டத்துக்கு எடுத்தவர் இந்த அறுப்போடு விட்டுவிடுகிறார். அதை உன் வீட்டுக்காரரே பயிர் வைக்கட்டும் என்று அத்தான் வாய்விட்டுச் சொன்னார். பின்கட்டு சும்மா கிடக்கிறது. வருஷத்துக்கு இரண்டு பூ நெல் விளைகிற நிலம். வாசலில் ஆறு. பெண் பிறந்தாலும் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். மாடு வாங்கப் போன ஊரில் உனக்குச் சம்பந்தமும் பேசிவிட்டு வந்த அப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை. நீ பக்கத்தில் இருந்தால் போதும். ஏட்டி, உடனே பதில் போடு.

உன் அக்கா
தாணம்மாள்


புளியூரணி, கோவில்பட்டி தாலுகா
3-3-1934

அன்புள்ள அக்காவுக்கு பகவதி வணக்கத்துடன் எழுதுவது. கொல்லம் ஆண்டு போட்டால் இங்கே சிரிக்கிறார்கள். அதனால் இங்கிலீஷ் தேதி.

"வாசலில் ஆறு" என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மட்டும் நாலு தடவை படித்தேன். இங்கே ஊர்க்கிணற்றில் தண்ணீர் ஊறும்வரை குடத்தோடு குந்தியிருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு குடம். ஒன்று குடிக்கவும் சமைக்கவும், மற்றதில்தான் மீதி எல்லாம். குளிக்கிற தண்ணீரைக்கூட அத்தை வாயகன்ற பித்தளைச் சருவத்தில் பிடித்து, முருங்கைக்கு ஊற்றுகிறார்கள். வந்த புதிதில் அதைப் பார்த்து அழுதேன். சாப்பாடு கம்பும் சோளமும்தான். நம் ஊர் சாளை மீன் குழம்பு கனவில் வருகிறது.

அவரிடம் மெல்லப் பேச்செடுத்தேன். "நித்தமும் நெல்லுச்சோறு தின்னா திருநாளுக்கு என்னத்தத் திங்க?" என்று சிரித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. "போயி இருந்து பாரு. ஒனக்குப் பிடிச்சா நானும் வாரேன்" என்றார். வருவோம் அக்கா. வயலை யாருக்கும் கொடுத்துவிடாதே.

உன் தங்கை
பகவதி


பூதப்பாண்டி
கொல்லம் 1109, பங்குனி 2

பகவதிக்கு அக்கா எழுதுவது. வயலை யார் கேட்டாலும் தரமாட்டேன், அது உனக்குத்தான். பின்கட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, உத்திரத்தில் தொட்டிலுக்குக் கொக்கியும் போட்டாயிற்று. நீ வரும் நாளை எழுது. ஆரல்வாய்மொழிக்கு வண்டி அனுப்புகிறேன்.

தாணம்மாள்


புளியூரணி
22-9-1934

அன்புள்ள அக்காவுக்கு, சுகமாக வந்து சேர்ந்தோம். வடிவு வழியில் அழவே இல்லை. கிணற்றடியில் இருந்தவர்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, பிள்ளையை ஆளுக்கு ஆள் வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைக்கு நம் அம்மா பெயரை வைத்ததில் அத்தைக்கும் சந்தோஷம்தான்.

இங்கே மழை விழுந்துவிட்டது. அவர் ஏரோடு காட்டுக்குப் போய்விட்டார். வயல் விஷயத்தைப் பருத்தி எடுத்த பிறகு பேசலாம் என்கிறார். தை கழியட்டுமா அக்கா? கோபப்படாதே. நீ எனக்குச் செய்ததை அம்மாகூடச் செய்திருக்க மாட்டாள்.

பகவதி


பூதப்பாண்டி
கொல்லம் 1110, ஐப்பசி 3

அன்புள்ள பகவதிக்கு, உன் கடிதம் கிடைத்தது. கோபம் இரண்டு நாள் இருந்தது, போய்விட்டது.

தை வரைக்கும் போக வேண்டாம் மக்கா. தெற்கு வயலை நம் தெரு நாராயணபெருமாளுக்குப் பாட்டத்துக்கு விட்டாயிற்று. நடவும் முடிந்தது. வரமாட்டோம் என்று சொல்ல நீ கஷ்டப்படுவாய் என்று நானே முடித்துவிட்டேன்.

எனக்கு ஆடியிலேயே தெரியும். மாசியில் நீ எழுதிய கடிதத்தில் நம் ஊர் என்றால் பூதப்பாண்டி. இங்கே வந்து இரண்டு மாதத்தில், "எங்க ஊர்ல ஒரு கொடத்துல ரெண்டு பேரு குளிப்போம்க்கா" என்றாய். உனக்கே தெரியாமல் வந்த பேச்சு அது. ஆசை ஆசையாகச் சாளைக் குழம்பு வைத்தால், இதற்குக் கம்மஞ்சோறு இருந்தால் நன்றாக இருக்கும் என்றாய். பிள்ளையைக் குளிப்பாட்டின தண்ணீரைச் சருவத்தில் பிடித்து, நீ நட்ட வெண்டைச் செடிக்கு ஊற்றினாய். "ஏட்டி, ஆத்தங்கரையில இருந்துக்கிட்டு இந்தப் பிசுனாறித்தனம் எதுக்கு?" என்று தெருவே கேட்கத் திட்டினேன். "வீணாப் போகுதேக்கா" என்றாய்.

உன்னைக் கூட்டிப்போக வந்த உன் வீட்டுக்காரர் நம் வயலில் நின்று, "காலை எங்கிட்டு வைக்க? எல்லாம் தண்ணியால்ல கெடக்கு!" என்று முழித்தாரே, அன்றைக்கு நீ சிரித்தாய். நாலு மாதம் என் வீட்டில் இருந்தும் அப்படி ஒரு தடவை சிரிக்கவில்லை.

நான் எழுதியதில் பொய் இல்லை. இங்கே சௌகரியம் அதிகம்தான். ஆனால் உனக்கு வேண்டியது அங்கே இருக்கிறது. எனக்கு வேண்டியதும் இப்போது அங்கேதான் இருக்கிறது. அதை நினைத்தால் வயிறு எரிகிறது, எழுதாமல் என்ன செய்ய?

சருவத்தை நீ வைத்த இடத்திலிருந்து நான் எடுக்கவில்லை. கால்முகம் கழுவுகிற தண்ணீர் அதில் விழுந்து நேற்று நிறைந்துவிட்டது. கீழே கொட்டக் கை வரவில்லை. தூக்கிக்கொண்டு போய் உன் வெண்டைச் செடிக்கு ஊற்றினேன். ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது, ஆறு கரை தொட்டு ஓடுகிறது. அத்தான் பார்த்துச் சிரித்தார். இன்றைக்கும் ஊற்றினேன்.

உன் அக்கா
தாணம்மாள்