புதுக்கடை வாசலில் செவ்வந்தி

ஒக்டோபர் கடைசி வெள்ளி, இரவு

இத்தாலியில், இந்தப் போர்கோ வெக்கியோ தெருவில் இன்று என் இரண்டாவது கடையைத் திறந்தேன். வாசல் நிறையச் செவ்வந்தி மாலை. மத்தியானம் வரை நம் ஆட்கள் மட்டுமே வந்தார்கள். இத்தாலியர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நடந்தார்கள். அவர்கள் வராவிட்டால் இந்தத் தெருவில் கடை நிலைக்காது.

பக்கத்து மீன்கடை சிஞ்ஞோரா, அந்த இத்தாலிய அம்மாதான், கடைசியில் வந்து, “உங்கள் வீட்டில் யார் செத்தது?” என்று மெல்லக் கேட்டார். இங்கே செவ்வந்தி கல்லறைக்குக் கொண்டுபோகும் பூவாம்.

மாலைகளைக் கழற்றப் போனேன். மனைவி தடுத்தாள்.

“இஞ்சையப்பா, கழட்டாதேங்கோ. அபசகுனம்.”

“சனம் உள்ளுக்கு வராததுதான் அபசகுனம்.”

கழற்றிப் பிள்ளையார் படத்துக்குப் போட்டேன். வரும் கிழமை இறந்தோர் நினைவு நாளுக்கு ஊரே கல்லறைக்குப் போகுமாம். கட்டாமல் மிஞ்சிய பூவை நாளை வாளியில் வைத்து வாசலில் விற்கப் போகிறேன். பூ வாங்க நிற்பவர்களை உள்ளே கூப்பிட எனக்குத் தெரியும். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.