நீ அடைத்த துளை

பண்டாபாவ், குராசோ
மார்ச் 9

அன்பு மகன் இக்மாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் சுகம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, அங்கே ராட்டர்டாமில் குளிர் விட்டதா, காதை மூடிக்கொண்டு போ.

கிறிஸ்துமசுக்கு வந்தபோது பழைய அணையின் அடியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று பதறி நீ சிமெண்ட் வைத்து அடைத்தாயே, அது ஓட்டையே இல்லையப்பா. கட்டியவர்கள் வேண்டுமென்றே விட்ட துளை. அணைக்குள் நின்றால் வெயிலும் காற்றும் குடித்துவிடும் என்று, தண்ணீர் மெல்லக் கசிந்து கீழே இருக்கும் கிணறுகளுக்குப் போகும்படி விட்டிருக்கிறார்கள். எனக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை, படித்த பிள்ளை செய்கிறானே என்று உனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் உன் ஞானத்தாய் ஒலிண்டா வீட்டு வாசலில் தண்ணீர் லாரி நின்றது. கேட்டால் தொட்டி கழுவுகிறேன் என்றாள். மறு வாரமும் லாரி வந்தது. நானே போய் அவள் கிணற்றில் இறைத்து வாயில் விட்டேன், ஒரே உப்பு. அணையின் கசிவு நின்றுபோனதால் கடல் உள்ளே ஏறிவிட்டது. நேரே, பழைய அணைகளைப் பார்த்துக்கொள்ளும் நினைவுச்சின்ன அலுவலகத்துக்குப் போய்விட்டேன். அங்கிருந்து வந்த அம்மாள், பாதுகாக்கப்பட்ட அணையில் யார் கை வைத்தது என்று முறைத்தாள். "என் மகன்தான். தண்ணிக்குன்னே படிச்சவன்" என்றேன். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முன்னாலேயே கொத்தனார் உன் சிமெண்டை உளியால் கொத்தி எடுத்தார், தண்ணீர் வந்தது. கிணறு பழையபடி இனிக்க நாளாகும், ஆனால் இனிக்கும், எனக்குச் சந்தேகமில்லை. துளையின் விளிம்பு பெயர்ந்திருக்கிறது, பழைய முறைப்படி சுண்ணாம்புதான் பூச வேண்டுமாம். ஈஸ்டருக்கு நீ வந்து கொத்தனாருக்குக் கையாளாக நிற்பாய் என்று உன் முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

ஒலிண்டாவுக்குக் காரணம் ஜனவரியிலேயே தெரியும். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சண்டை போட்டேன். "அணையைக் காப்பாத்திட்டேன்னு அவ்வளவு சந்தோஷமாப் போனான். எப்படிச் சொல்றது?" என்றாள். இரண்டு மாதம் லாரித் தண்ணீர் குடித்திருக்கிறாள் மகனே, உன் முகம் வாடக்கூடாதென்று. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

கடவுள் உன் கைக்கும் புத்திக்கும் துணை இருக்கட்டும். பழைய சட்டை இரண்டு எடுத்து வா. விமான நிலையத்திலிருந்து என்னிடம் வராதே, முதலில் அவள் வீட்டுக்குப் போ.

உன் அம்மா
ஃபிலோமெனா