கதவு எண் இல்லாதவர்கள்

உன்னைக் கொன்றது எங்கள் ஆபீஸ். அதற்கான வரியைக் கணினியில் தட்டியது என் விரல்.

இன்று காலை சர்வரில் இடம் போதவில்லை என்று பழைய கோப்புகளை அழிக்க உட்கார்ந்தேன். ஒன்றில் நீ எழுதி வைத்த பிழை வாசகம் கிடந்தது: "வரி 212. கதவு எண் கட்டத்தில் 'இல்லை' என்று வந்தது. எண் மட்டுமே ஏற்கும். விண்ணப்பம் சேரவில்லை." கீழே விண்ணப்பித்தவர் பெயர். உன் பெயர்.

மருத்துவ உதவி தரும் ஒரு அறக்கட்டளைக்காக ராமநாதபுரத்தில் நாம் இருவரும் செய்த இணையதளத்தின் கோப்பு அது. பிழை வந்தால் திரை முழுக்க ஆங்கிலம் கொட்டும். எது உடைந்தது என்று தேடியே பொழுது போய்விடும். நீதான் அதைச் சலித்து எந்த வரி, எந்தக் கட்டம், என்ன வந்தது என்று சிவப்பு எழுத்தில், தமிழில் சொல்ல வைத்தாய். "வயித்து வலின்னு போனா, எங்கன வலிக்குன்னு டாக்டர் தொட்டுக் கேப்பாருல்ல? அம்புட்டுத்தாம்லே."

சோதித்தபோது உன் உப்பளத்து ஊர் விலாசத்தைப் போட்டோம். கதவு எண்ணில் நின்றது. "எங்க ஊருல கதவே கெடையாது, நம்பரு எதுக்கு?" என்று சிரித்தாய். அந்தக் கட்டத்தை அப்புறம் மாற்றுகிறேன் என்றேன். மாற்றவில்லை.

முதலாளி திரையைப் பார்த்தார். "செவப்பு செவப்பா என்னப்பா இது? நம்ம வேலை ஓட்டைன்னுல்ல நெனைப்பாக. எடு." மாட்டேன் என்றாய். உன்னை வீட்டுக்கு அனுப்பினார். நான் எடுத்தேன். பிழை வந்தாலும் "நன்றி, உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்றே காட்ட வைத்தேன். உன் வாசகங்கள் யாரும் திறக்காத கோப்பில் போய் விழுந்தன.

அடுத்த வருஷம் உனக்குச் சிறுநீரகம் கெட்டது. உன் அக்கா சாயல்குடி பிரவுசிங் சென்டரில் அதே தளத்தில் உனக்காக விண்ணப்பம் போட்டாள். நான் பார்க்க வந்தபோது அந்த நன்றித் தாளைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினாய்.

"கெடைச்சிருச்சுலே. கூப்பிடுவாக."

தலையாட்டினேன். நான் செய்தது எனக்கு ஞாபகம்கூட வரவில்லை. நீ நாலு மாதம் காத்திருந்து செத்தாய்.

கோப்பில் உனக்கு மேலும் கீழும் எத்தனையோ பெயர்கள். எல்லாம் உப்பளம், கடற்கரைக் குடிசை. கதவு எண் உள்ளவன் ஒருவனும் இல்லை. மொத்தத்தையும் அச்செடுத்து முதலாளி மேஜையில் வைத்தேன்.

"இதுல யாரு யாரு உசுரோட இருக்காகன்னு இப்பவே போன் போட்டுக் கேளுங்க சார்."

அவர் தாள்களைக் கவிழ்த்துப் போட்டு, மேலே டீ கிளாஸை வைத்தார்.