பதினைந்து வருட சேர்விட்சியோ

மார்ச் 12, வியாழன்

ஓம், பதினான்கைப் பதினைந்தாக்கியவன் நான்தான். பகேரியாவில் அம்மா வேலை செய்யும் வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, சொன்னாள், என் போனிலேயே படிவத்தை நிரப்பினேன். தன் செத்த புருஷனுக்கு இராணுவப் பதக்கம் வேண்டுமாம். படையில் பதினைந்து வருட சேர்விட்சியோ இருந்தால்தான் கொடுப்பார்களாம். அந்த வீரன் பதினான்கு வருடம் களஞ்சியத்தில் சப்பாத்து எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்தவன். "ஒரு வருடம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றாள்.

இத்தாலியில் சேர்விட்சியோ என்றால் எந்தச் சேவையும்தான், அம்மாவுக்கு அது வீட்டுவேலை. கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியோடு வந்து நின்றாள்.

"தம்பி, எனக்கு இஞ்சை பதினெட்டு வருஷமெல்லோ. எனக்கும் தருவினமோ எண்டு கேள்."

"சும்மா இருங்கோம்மா, அது ஆமிக்காரருக்கு."

"கேளன், கேட்டால் என்ன?"

கேட்டேன். சிஞ்ஞோரா வயிறு குலுங்கச் சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"பதினெட்டா? காகிதத்தில் எட்டுத்தான். வெளியில் அப்படிச் சொல்லித் திரிய வேண்டாம்."

மீதிப் பத்தைப் பதியாமல் விழுங்கியவளே அவள்தான். அம்மாவின் பென்சனில் அந்தப் பத்து வருடமும் இல்லை. சப்பாத்து எண்ணியவனுக்கு ஒரு வருடம் சும்மா வரும். அவளுடைய கக்கூஸ் கழுவியவளுக்குப் பத்து வருடம் சும்மா போகும். தூ.

திரும்பி வரும்போது ரயிலில் அம்மா, "அவவோட கொழுவாதை, வேலை போயிடும்" என்றாள்.

படிவம் என் போனில் அனுப்பாமல்தான் கிடந்தது. இப்போது பதினைந்தை அழித்தேன். பதினான்கு என்று போட்டு அனுப்பிவிட்டேன். உண்மை அதுதானே.

அம்மாவின் போன் அடிக்கிறது.

"தம்பி, சிஞ்ஞோரா. படிவம் போயிட்டுதோ எண்டு கேக்கிறா, வந்து கதை."

போகவேண்டும்.