பதினான்காம் எண் கன்று

இன்று காலை மகளுக்குப் பால்மாவைக் கரைத்தபோது வெதுவெதுப்பாக ஒரு வாசனை எழுந்தது. கன்றுக்கொட்டில் வாசனை. நீங்கள் இறந்துவிட்டதாக வுப்பர்டாலிலிருந்து உங்கள் அக்கா சொல்லி ஒரு வாரமாகிறது, அண்ணா. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. புட்டியைக் குலுக்கி அவளிடம் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

கடல் கடந்து படிக்க வந்து, கார்ஹிங்கில் ரயிலை விட்டிறங்கி, பஸ் பிடித்து அந்த ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்தபோது, அங்கே மன்னார்க்காரரான நீங்கள் கன்றுகளுக்குப் பால் காட்டிக்கொண்டு நிற்பீர்கள் என்று மதுரைக்காரி நான் எங்கே கண்டேன். என் முனைவர் பட்டத்துக்கான சோதனை அது. பாதிக் கன்றுகளுக்குப் பாலில் ஈஸ்ட் கலந்து கொடுப்போம், மீதிக்கு வெறும் பால். எடை எவ்வளவு கூடுகிறது என்று நிறுப்பேன். குடலில் எந்த பாக்டீரியா பெருகுகிறது என்று சாணத்தை எடுத்துப் பார்ப்பேன். சிவப்பு வாளி, நீல வாளி. எதில் ஈஸ்ட் என்பது பேராசிரியருக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தால் நாம் பாரபட்சம் காட்டிவிடுவோமாம்.

முதல் நாளே நான் சிவப்பு வாளிக்குள் குனிந்து, "அண்ணா, எங்க வீட்டு ஆப்ப மாவு புளிச்ச வாசனை" என்று சிரித்தேன். நீங்களும் முகர்ந்து பார்த்துச் சிரித்தீர்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பதினான்காம் கன்று நீல வாளிக்காரன். கழிந்து கழிந்து விலா எலும்பு தெரிந்தது. மாட்டு வைத்தியரின் மருந்தும் கேட்கவில்லை. பிறகு திடீரென்று தேறியது. அதன் சாணத்தில் சிவப்பு வாளிக் கன்றுகளுக்குரிய பாக்டீரியா. குப்பிகளை மாற்றிவிட்டேனோ என்று இரண்டு தடவை திரும்பச் செய்தேன். நான் மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்த்து நீங்களே வந்து சொன்னீர்கள்.

"தங்கச்சி, நான்தான் சிவப்பு வாளியில இருந்து அதுக்கும் குடுத்தனான். பாத்துக்கொண்டு நிக்க ஏலாமல் போச்சு."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு வருட உழைப்பு. நேராகப் பேராசிரியரிடம் போனேன். ஊரிலிருந்து மனைவியை அழைக்க உங்களுக்கு நிலையான வேலை வேண்டும், அடுத்த மாதம் ஒப்பந்தத்தை நீட்டித்தால்தான் உண்டு என்பதெல்லாம் தெரிந்துதான் போனேன்.

எந்த வாளி என்று எப்படித் தெரிந்தது என்று அவர் உங்களைக் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். மணத்தை வைத்து நானாகவே கண்டுபிடித்தேன் என்று சொன்னீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒப்பந்தம் நீளவில்லை. வுப்பர்டாலுக்குப் புறப்பட்ட அன்று பஸ் நிறுத்தத்தில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்: "பதினாலு இப்ப ஒழுங்காய்ப் பால் குடிக்குதோ?" ஓம் என்றேன், உங்கள் பேச்சிலேயே.

மனைவியைக் கூப்பிடுவதற்குள் நான்கு வருடம் ஓடிவிட்டதாம். அவர் வந்தபின் ஒரு வருடம்தான் சேர்ந்து இருந்தீர்களாம். அக்கா பேச்சுவாக்கில் சொன்னார். நான் அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

என் ஆய்வேட்டில் ஒரு வரி இருக்கிறது: 'பணியாளரின் பிழையால் ஒரு கன்று சோதனையிலிருந்து நீக்கப்பட்டது.' அதை எழுதியவள் நான். எது ஈஸ்ட் வாளி என்று முதலில் வாய்விட்டது யார் என்பது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.